ஸ்டீம் டெக் ஓலெட்டா, டெக் 2 வரை பொறுப்பதா?

கையடக்க கேமிங் கணினியான ஸ்டீம் டெக்கை இப்போதே வாங்குவதா என்பதை மதுரையில் முடிவு செய்வது சித்திரை வெயில்தான். சுற்றுச்சூடு 35 டிகிரிக்குள் இருந்தால்தான் டெக் முழு வேகத்தில் ஓடும் என்கிறது அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம். சிப் 100 டிகிரியைத் தொட்டால் வேகம் தானாகக் குறையும், 105-இல் அணைந்துவிடும். மொட்டைமாடிக்குக் கீழ் அறை என்றால் மதியம் சொல்லவே வேண்டாம். மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, டிடிபியை (சிப் இழுக்கும் மின்சக்தியின் உச்சவரம்பு) 15 வாட்டிலிருந்து 8–10-க்கு இறக்கி, ஃபிரேமை நொடிக்கு 40-இல் நிறுத்துங்கள். பின்புறக் காற்றுத்துளை மெத்தையில் பதியக்கூடாது.

ஓலெட் திரை மாடல் பழைய எல்சிடி திரை மாடலைவிடக் குளிர்ச்சி: 7 நானோமீட்டர் சிப் 6 ஆனது, பேட்டரி 40-லிருந்து 50 வாட்-அவர் ஆனது.

டெக் 2? பேட்டரியைத் தின்னாமல் வேகம் பெரிதாகக் கூடினால்தான் அடுத்தது என்பது வால்வின் நிலை. எனவே அது 25 வாட் அடுப்பாக வராது என்பது எங்கள் ஊகம். அதற்காக இப்போதே காத்திருப்பது வீண். பழைய எல்சிடி கையில் இருப்பவர்கள் மட்டும் பொறுக்கலாம்.

வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. டவுன்ஹால் ரோட்டில் கிடைத்தாலும் இறக்குமதிச் சரக்குதான். கடை வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்கள். ஸ்டிக் (கட்டைவிரலால் அசைக்கும் குமிழ்) மாற்றப் பின்மூடியைக் கழற்றுமுன் மெமரி கார்டை எடுத்துவிடுங்கள், இல்லையேல் இரண்டாக முறியும்.