15 டாலர் முதல் 75 டாலர் வரை: ஒரே வடிசாலையின் நான்கு போர்பன்கள்

போர்பன் என்பது மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்துக் காய்ச்சும் அமெரிக்க விஸ்கி. மலிவான போர்பனையும் விலை கூடிய போர்பனையும் ஒப்பிடும்போது பலரும் வெவ்வேறு கம்பெனிகளின் பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் ருசி மாறுவது வயதாலா, தானியக் கலவையாலா, ஈஸ்ட்டாலா என்று பிரித்தறிய முடியாது. அதற்கு ஒரே வடிசாலையின் சரக்கை வரிசையாக வைக்க வேண்டும். கென்டக்கியின் ஹெவன் ஹில் இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. அதன் பிராண்டுகளான எவன் வில்லியம்ஸ், எலைஜா கிரெய்க் இரண்டுக்கும் கலவை ஒன்றே: மக்காச்சோளம் 78%, முளைகட்டிய பார்லி 12%, ரை என்ற தானியம் 10%. பீப்பாயில் கிடந்த ஆண்டுகள், எந்தப் பீப்பாய்களைப் பொறுக்கி எடுத்தார்கள், கடைசியில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்ற மூன்றில்தான் வித்தியாசம். கூடுதல் காசு போவதும் இந்த மூன்றுக்குத்தான்.

நம்மூரில் மலிவு விஸ்கி என்றால் மொலாசஸ் ஸ்பிரிட்டும் கேரமல் கலரும் நினைவுக்கு வரும். இங்கே அந்தப் பயம் வேண்டாம். லேபிளில் 'ஸ்ட்ரெய்ட் போர்பன்' என்றிருந்தால், 15 டாலர் பாட்டிலும் உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு கிடந்ததுதான். தண்ணீர் தவிர வேறு எதையும் சேர்க்கச் சட்டம் இடம் தராது. வயதே போடாமல் விற்றால் குறைந்தது 4 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

கீழே உள்ள விலைகள் 750 மி.லி. பாட்டிலுக்கு, அமெரிக்கக் கடைகளில் தோராயமாக. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எவன் வில்லியம்ஸ் பிளாக் (43% ஆல்கஹால், 15 டாலர்): வெனிலா, கேரமல், அடியில் வேகாத சோளத்தின் இனிப்பு. நாக்கில் மெலிசாக ஓடி, விழுங்கியதும் சட்டென்று மறைந்துவிடும். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆழமும் இல்லை.

எவன் வில்லியம்ஸ் ஒயிட், பாட்டில்டு இன் பாண்ட், சுருக்கமாக 'பாண்ட்' (50%, 18 டாலர்): இந்த வரிசையில் உண்மையான லாபம் இதில்தான். 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் காய்ச்சி, அரசு மேற்பார்வைக் கிட்டங்கியில் 4 ஆண்டாவது வைத்து, சரியாக 50 சதவீதத்தில் அடைக்க வேண்டும். தண்ணீர் குறைவு என்பதால் மரத்திலிருந்து இறங்கிய எண்ணெய்ப்பசையும் வறுத்த வேர்க்கடலை வாசமும் மிளகுக் காரமும் கெட்டியாக நிற்கின்றன. இதையே 43 சதவீதத்துக்கு இறக்கினால் 872 மி.லி. கிடைக்கும். அந்தக் கணக்கில் 750 மி.லி.க்கு 15.50 டாலர், அதாவது பிளாக் லேபிள் விலையேதான்.

எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச் (47%, 30 டாலர்): லேபிளில் இருந்த '12 ஆண்டு' 2016-இல் எடுக்கப்பட்டது, இப்போது 8 முதல் 12 ஆண்டுப் பீப்பாய்களின் கலவை. கருகிய ஓக், பட்டை, ஜாதிக்காய், லேசான புகை. சோளத்தின் பச்சை வாசம் முழுக்கப் போய்விடுகிறது. தண்ணீர் கலக்காமல் மெதுவாகக் குடிப்பவருக்கு இந்தப் படி நிச்சயம் தெரியும்.

எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப் (60 சதவீதத்தை ஒட்டி, 75 டாலர்): பீப்பாயிலிருந்து வந்த வீரியம் அப்படியே. ஆண்டுக்கு மூன்று வெளியீடு. லேபிளில் 'ஏ124' என்றிருந்தால் ஏ என்பது அந்த ஆண்டின் முதல் வெளியீடு, 1 என்பது ஜனவரி மாதம், 24 என்பது 2024. வெளியீட்டுக்கு வெளியீடு வீரியம் மாறும். இப்போது வயதும் மாறுகிறது. இரண்டையும் படித்துவிட்டே வாங்குங்கள். 60% பாட்டிலை 47 சதவீதத்துக்கு இறக்கினால் 957 மி.லி. வரும், 750 மி.லி.க்கு 59 டாலர். ஸ்மால் பேட்ச்சைப் போல இரண்டு மடங்கு விலை, ஆனால் இரண்டு மடங்கு ருசி கிடையாது. அடர்த்தியும் நெடுநேரம் தங்கும் பின்சுவையும் கூடுகின்றன, அவ்வளவே.

ஒப்பிடும்போது பெரிய பிழை நேர்வது வீரியத்தில்தான். 60 சதவீதச் சரக்கு முதல் வாயிலேயே நாக்கை மரத்துப்போகச் செய்யும்; அடுத்து வரும் 43% தண்ணீராகத் தோன்றும். ஆகவே நான்கையும் 43 சதவீதத்துக்குக் கொண்டுவந்து ருசியுங்கள். உள்ள சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, அளவால் பெருக்கி, அளவைக் கழித்தால் சேர்க்க வேண்டிய நீர் கிடைக்கும். 20 மி.லி.க்கு: ஸ்மால் பேட்ச்சில் 1.9, பாண்டில் 3.3, பேரல் புரூஃப்பில் 7.9 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள். குளோரின் வாசமுள்ள குழாய்த் தண்ணீர் வேண்டாம். நீர் விட்டபின் 10 நிமிடம் ஆறவிடுங்கள்.

பிறகு இரண்டிரண்டாகச் சோதியுங்கள். மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் 5 மி.லி.; இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. ஊற்றுவது இன்னொருவராக இருக்கட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் நான்கு சுற்றாவது வேண்டும். ஒரு ஜோடிக்கு நான்கு சுற்றுக்கும் சேர்த்தே 60 மி.லி.தான் ஆகிறது. ஒற்றையை அடையாளம் காண முடியவில்லை என்றால் அந்த விலை வித்தியாசத்தை உங்கள் நாக்குக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

கோலாவிலோ இஞ்சி சோடாவிலோ கலப்பதாக இருந்தால் பிளாக் போதும். பேரல் புரூஃப்பை அதில் ஊற்றுவது பாவம். ஓல்டு ஃபேஷன்டு காக்டெயிலுக்கு (60 மி.லி. போர்பன், 5 மி.லி. சர்க்கரைப் பாகு, இரண்டு உதறல் அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாறு, ஆரஞ்சுத் தோல்) பாண்ட்தான். பனிக்கட்டியோடு அரை நிமிடம் கிளறும்போது நன்றாகவே நீர்த்துப்போகும். 43% அதில் காணாமல் போகும், 50% தாங்கும்.

75 டாலருக்கு மேலே போனால் பெரும்பாலும் விலையை ஏற்றுவது தட்டுப்பாடுதான். அதே நிறுவனத்தின் ஹென்றி மெக்கென்னா 10 ஆண்டு, 2019-இல் சான் பிரான்சிஸ்கோ உலக ஸ்பிரிட்ஸ் போட்டியில் சிறந்த விஸ்கியாகத் தேர்வானதும் அலமாரிகளிலிருந்து மறைந்து, திரும்பி வந்தபோது விலை ஏறியிருந்தது. அது ஒற்றைப் பீப்பாய்ச் சரக்கு வேறு. பரிசு வாங்கிய பீப்பாய் உங்கள் கைக்கு வராது. வயதிலும் எல்லை உண்டு: கென்டக்கி வெயிலில் புது ஓக் மரத்தில் 15 ஆண்டைத் தாண்டினால் பல பீப்பாய்களில் துவர்ப்பு தலைதூக்கி வாயை உலர்த்தும். கையில் 50 டாலர் இருந்தால் பாண்ட் ஒன்றும் ஸ்மால் பேட்ச் ஒன்றும் வாங்குங்கள். பேரல் புரூஃப்பை ஒரு கடைக்காரர் 150 டாலருக்கு வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். நான்கு மாதத்தில் அடுத்த வெளியீடு வரும்.