ஊட்டி சர்ச் நடை: கூட்டிப்போன பெரியவருக்கு முழு மார்க், நடத்துகிறவர்களுக்குப் பாதிதான்

ஊட்டியில் பழைய சர்ச்சுகளையும் கல்லறைகளையும் நடந்தே சுற்றிக் காட்டுகிறோம் என்று தலைக்கு 600 ரூபாய் வாங்குகிறார்கள். போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம், ஆனால் அன்றைக்கு யார் கூட வரப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் குன்னூர்ப் பக்கத்துப் படுகர் பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார். நடத்துகிறவர்கள் பெயரைப் போடப்போவதில்லை, காரணம் கீழே வருகிறது.

சேரிங்கிராஸ் ஆடம்ஸ் பவுண்டனில் ஆரம்பிக்கிறார்கள். அதைச் சுற்றித் தினமும் பஸ் ஓட்டுகிறவரைக் கேட்டாலும் அது யாருக்காகக் கட்டியது என்று சொல்லத் தெரியாது. மதராஸ் கவர்னராக வந்து ஆறு மாதம்கூட ஆகாமல் 1881 மே மாதம் ஊட்டியிலேயே இறந்துபோன வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவாக வைத்தது. அவரை அடக்கம் செய்தது ஏரிப் பக்கம் இருக்கும் புனித தாமஸ் சர்ச்சில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேண்டியிருக்கும்.

அங்கிருந்து புனித ஸ்டீபன் சர்ச். 1829-ல் கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்டி, கேப்டன் அண்டர்வுட் என்ற ராணுவ அதிகாரியின் திட்டப்படி கட்டி, 1831 ஈஸ்டர் அன்று வழிபாட்டுக்குத் திறந்தது. உத்திரத்துக்கு மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து வந்தது. ஊட்டியில் எந்த கைடும் இந்தத் திப்பு மரத்தோடு கதையை முடித்து வெளியே கூட்டி வந்துவிடுவார். நம்ம பெரியவர் மரத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டு நேராகச் சுவருக்குப் போனார். பளிங்குப் பலகை, பித்தளைத் தகடு. நாங்கள் எல்லோரும் பெயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், அவர் "பேரை விடுங்க சார், கடைசி வரியப் படிங்க, கல்லுக்குக் காசு யார் குடுத்தாங்கன்னு அங்கதான் இருக்கும்" என்றார்.

இந்த ஒரு வரிக்கே 600 ரூபாய் தகும்.

ஏனென்றால் நான் வேலைக்காகக் கொஞ்ச காலம் இங்கிலாந்தில் ஸ்விண்டன் ஊரில் இருந்தவன், அங்கே பக்கத்திலேயே லிடியார்ட் ட்ரிகோஸ் என்று ஒரு கிராமத்துச் சர்ச் இருக்கிறது, பார்த்தால் மலைத்துப் போவீர்கள். உள்ளே முழுக்க செயின்ட் ஜான் என்ற ஒரே குடும்பம். 1615-ல் கதவு வைத்த பெரிய மரப் பேழை ஒன்று செய்து, அதற்குள் அப்பா அம்மா மண்டியிட்டிருக்க, மகன், மருமகள், மகள்கள் எல்லோரையும் ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார் சர் ஜான் செயின்ட் ஜான். அத்தோடு விட்டாரா, 1634-ல் தனக்கே கல்லறைச் சிற்பம் செய்துகொண்டார், செத்தது 1648-ல்! நடுவில் இவர், இரண்டு பக்கமும் இரண்டு மனைவிகள், பதிமூன்றாவது பிரசவத்தில் போன மூத்தவர் கையில் குழந்தை, சுற்றிலும் மற்ற பிள்ளைகள். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்று காயம்பட்டு 1645-ல் இறந்த மகன் எட்வர்டுக்குத் தங்கப் பூச்சில் முழு உருவச் சிலை, கூடாரத்திலிருந்து வெளியே வருகிற மாதிரி. அதன் பீடத்தில் அவன் குதிரைப்படையோடு போவதைச் செதுக்கியிருப்பார்கள், நம்மூர் நடுகல்லில் வீரன் சண்டை போடுவதை ஒரு அடுக்கில் காட்டுவார்களே, அதேதான். அங்கே கடைசி வரி பார்க்கவே வேண்டாம், காசு குடுத்தது குடும்பம்தான், இந்த ஊரும் நிலமும் எங்களுடையது, நாங்கள் இங்கேயேதான் இருப்போம் என்று சுவர் முழுக்கச் சொல்கிறார்கள்.

ஊட்டிச் சுவரில் ஒவ்வொரு கல்லிலும் வேறு வேறு குடும்பப் பெயர். கடைசி வரியில் சக அதிகாரிகள், நண்பர்கள், புருஷன். தாத்தாவுக்குப் பக்கத்தில் பேரன் என்பதைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். கீழே சமவெளியில் காய்ச்சல் வந்து உடம்பு தேற மலைக்கு வந்தவர்கள், வந்த இடத்தில் தேறாமல் போனவர்கள் நிறையப் பேர். மிச்சமிருந்த சொந்தம் கப்பலேறிவிட்டது. ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் கதையே அப்படித்தான். மனைவி ஹென்ரியெட்டாவும் மகளும் இந்தச் சர்ச் கல்லறையில், அவர் இங்கிலாந்தில், ஸ்லவ் ஊரின் அப்டன் புனித லாரன்ஸ் சர்ச்சில். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷெல் அடக்கமாகியிருப்பதும் அதே சர்ச்சில்தான். இதையும் பெரியவர்தான் சொன்னார், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல்.

சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் கல்லறைகள். பாசி படர்ந்து எழுத்தே தெரியாத ஒரு கல்லுக்கு முன்னால் எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் சாக்பீஸ் எடுத்தான், யூடியூப்பில் பார்த்தானாம். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார், சாக்பீஸ் கல்லைக் கெடுக்கும். மொபைல் டார்ச்சைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டி, பக்கவாட்டில் படுக்கப் பிடித்தார் பாருங்கள், இல்லாத எழுத்து நிழலோடு எழும்பி வந்தது, வயது மட்டும் முதலில், அப்புறம் பெயர். இன்னொரு பளிங்கில் எழுத்துக்கு ஊற்றியிருந்த ஈயம் உதிர்ந்து, அது பிடித்துக்கொள்ளத் துளைத்த சின்னச் சின்ன ஓட்டைகள்தான் மிச்சம். அந்த ஓட்டைகளை விரலால் தடவியே ஒரு வார்த்தையைப் படித்துக் காட்டினார்.

சரி, குறைக்கு வருவோம். விளம்பரத்தில் இரண்டு சர்ச் என்று போட்டிருந்தார்கள். புனித தாமஸ் சர்ச்சில் ஆடம் கல்லறையைப் பார்த்தால்தான் பவுண்டனில் தொடங்கியதற்கு அர்த்தமே. மேட்டிலிருந்து இறங்கியதும் பெரியவருக்கு போன் வந்தது, அவர் முகம் மாறியது, நேரமாகிவிட்டது என்று எங்களை ஒரு ஹோம்மேட் சாக்லேட் கடையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே முக்கால் மணி நேரம்! யாருக்குக் கமிஷன் என்று சொல்லத் தேவையில்லை. கேட்டதற்கு "அடுத்த தடவை பாத்துக்கலாம் சார்" என்றார்கள் போனில். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. சின்ன ஆட்கள், பெரியவருக்கும் அதில்தான் பிழைப்பு, அதனால்தான் பெயரை விட்டுவிட்டேன். மறுநாள் நானே ஏரிப் பக்கம் போய் ஆடமைப் பார்த்துவிட்டு வந்தேன், ஆட்டோவுக்குக் குடுத்ததோடு சரி.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம், ஆராதனை நடக்கும்போது சுவரைச் சுற்றிச் சுற்றி வருவது நன்றாக இருக்காது. உள்ளே போட்டோ எடுக்கலாமா என்று அங்கே இருப்பவரைக் கேட்டுவிடுங்கள். மழை பெய்திருந்தால் பின்மேடு வழுக்கும், செருப்போடு வராதீர்கள். வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிட்டு மலையேறுங்கள். பணம் கட்டும் முன் "சாக்லேட் கடை உண்டா" என்று கேளுங்கள், உண்டு என்றால் அந்த நேரத்தில் இரண்டாவது சர்ச்சைக் காட்டச் சொல்லிப் பேரம் பேசுங்கள். வாத்தியார் வரவில்லை என்றால் 600 ரூபாய் அதிகம்.