அவுட்பேக் பயணத்துக்குக் கேரவனைத் தயார் செய்யக் கொடுக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

6,840 டாலர். காரின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியான எங்கள் கேரவனைத் தயார் செய்ய ஒரு பணிமனையில் இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிக் கொடுத்து, என் குடும்பத்தைக் கைபேசி சிக்னல்கூட இல்லாத சாலைக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுவே, பாலைவன ஊரான கூபர் பீடியில் ஒரு கேரவன் பூங்காவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உதிரிபாகம் அடிலெய்டிலிருந்து வர வேண்டும். அதுவரை இங்கேதான். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றாள் மனைவி. ஆறும்வரை காத்திருந்தால், இந்தக் குளிர்கால விடுமுறையில் இதே சாலையில் கிளம்பக் காத்திருக்கும் இன்னும் சில குடும்பங்கள் அங்கே போய்ப் பணம் கட்டிவிடும்.

இடம், மெல்பர்ன் புறநகரில் கேரவன்களைப் பழுதுபார்க்கும் ஒரு பணிமனை. புகார் கொடுக்கவிருப்பதால் பெயரை எழுதவில்லை. நீண்ட பயணத்துக்கு வண்டியை முழுமையாகத் தயார் செய்து தருவதாக விளம்பரம் செய்பவர்கள் இவர்கள்.

இது எங்கள் முதல் நீண்ட கேரவன் பயணம். அடிலெய்டு, போர்ட் அகஸ்டா, அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே கூபர் பீடி, உலுரு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். கடற்கரைப் பக்கம் வார இறுதிகளில் இழுத்துப் போய்ப் பழகிய கேரவன்தான். ஆனால் அவுட்பேக், அதாவது ஆள் நடமாட்டம் குறைந்த இந்த வறண்ட உட்பகுதி, வேறு. வண்டி நின்றால் அடுத்த மெக்கானிக் நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பார். அதனால்தான் காசைப் பார்க்காமல் பணிமனைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே மூத்தவர் ஒருவர். மேசையில் வரைபடத்தை விரித்து, பேனாவால் போர்ட் அகஸ்டாவிலிருந்து மேலே கோடு இழுத்தார். பிம்பாவில் டீசல் போடு, கிளெண்டாம்போவில் மறுபடி நிரப்பு, அதன் பிறகு கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கூட இல்லை என்று அந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டினார். இருட்டில் ஓட்டாதே, கங்காரு குறுக்கே பாயும் என்றார். சாலை ரயில் எனப்படும் அந்த நீண்ட லாரிகள் ஐம்பது மீட்டருக்கு மேல் இருக்கும், எதிரே வரும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடி என்றார். சொன்னது அத்தனையும் உண்மை. இன்று வரை அதில் ஒரு தவறு இல்லை. என் மகளைப் பார்த்து, "குழந்தையோடு போகிறீர்களா? அப்படியானால் பேரிங் வேலையை நானே செய்கிறேன், வேறு யாரிடமும் விடமாட்டேன்" என்றார். அந்தச் சொல்லில்தான் நான் முழுதாக நம்பினேன். இவ்வளவு விவரம் தெரிந்தவர், இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர், கிரீஸ் போடாமல் விடுவார் என்று யாருக்குத் தோன்றும்?

பேரிங் ஏன் முக்கியம் என்று தெரியாதவர்களுக்கு: கேரவன் சக்கரம் சுழல்வதே அந்தப் பேரிங்குகளின் மேல்தான். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, கழற்றிக் கழுவி, தேய்மானம் பார்த்து, புதிய கிரீஸ் நிரப்ப வேண்டும். கிரீஸ் காய்ந்தால் உராய்வு. உராய்வால் சூடு. கவனிக்காமல் ஓட்டினால் சக்கரமே கழன்று ஓடும்.

பில்லோடு மஞ்சள் நிறச் சரிபார்ப்புத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். பேரிங், பிரேக், புதிய லித்தியம் பேட்டரி, சார்ஜர், டயர்கள், தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் நேராக டிக். டயர்கள் பளபளவென்று புதிதாக இருந்தன. கண்ணுக்குத் தெரிகிற வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். 6,840 டாலரை ஒரே தவணையில் கட்டிவிட்டு வந்தேன்.

கிளெண்டாம்போவைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் போயிருப்போம். பின்னால் வந்த வயதான தம்பதியர் இருவழி வானொலிக் கருவியில், நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசும் சேனல் 40இல், அழைத்தார்கள். "உங்கள் கேரவனின் இடது சக்கரத்தில் புகை." ஓரங்கட்டி இறங்கினேன். கருகிய நாற்றம். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, அப்படி அனல். இருபுறமும் செங்கற்பொடி நிறத்தில் கல்வெளி, ஒரு மரம்கூட இல்லை. அந்தச் சாலை ராணுவம் ஆயுதச் சோதனை நடத்தும் வூமெரா தடைப் பகுதிக்குள் போகிறது; நெடுஞ்சாலையை விட்டு இஷ்டத்துக்கு இறங்கவும் அனுமதி கிடையாது. கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. அந்தத் தம்பதியர்தான் கூபர் பீடி வரை போய் இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களுக்கு நான் என்றென்றும் கடன்பட்டவன். இழுவை வண்டி வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்து குளிர் இறங்கிவிட்டது. இழுவைக் கூலி 1,400 டாலர் தனி.

இங்குள்ள மெக்கானிக் சக்கரத்தைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது பேரிங் நீலம் பாரித்து நொறுங்கிக் கிடந்தது. அது வழியில் சூடேறிக் கெட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது பக்கத்தையும் திறக்கச் சொன்னேன். மூடியைச் சுற்றி அடித்திருந்த பழைய பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. தட்டித் திறந்தால் உள்ளே தார் போல இறுகிப்போன கறுப்பு கிரீஸ். நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது. "இதைப் பல வருஷமாக யாரும் தொடவில்லை" என்றார் அவர். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு பேட்டரி மீதும் சந்தேகம் வந்து இருக்கைக்கு அடியில் பார்த்தேன். மேலே துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெளியே இழுத்துத் திருப்பினால், சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் என் கையெழுத்திலேயே 2019 என்று மார்க்கரால் எழுதியிருக்கிறது! என் பழைய பேட்டரி. அதற்குத்தான் லித்தியம் விலை போட்டிருக்கிறார்கள். இதை மறதி என்று யாராவது சொல்ல முடியுமா?

பணிமனைக்குப் போன் செய்தேன். முதலில் அந்த மூத்தவர் விடுப்பு என்றார்கள். அடுத்த முறை, நீங்கள் மண் சாலையில் ஓட்டியிருப்பீர்கள் என்றார்கள். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987இலேயே முழுவதும் தார் போடப்பட்டுவிட்டது என்றேன். பதில் இல்லை. அப்புறம், கேரவனை மெல்பர்னுக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சக்கரம் இல்லாத கேரவனை 1,500 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டுமாம்! படங்களை அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: உத்தரவாதம் எங்கள் பணிமனையில் செய்யும் சோதனைக்கு மட்டுமே பொருந்தும். கடைசியாக அந்த மூத்தவரே ஒருமுறை எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "வாடிக்கையாளர் நிற்கிறார், திரும்பக் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டார். கூப்பிடவே இல்லை. என் மகள் பெயரைக் கேட்டு வாங்கிக் கைகொடுத்த மனிதர் அவர்.

இந்த நாட்டு நுகர்வோர் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். தாங்களே எழுதிக்கொள்ளும் நிபந்தனையால் அந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் நுகர்வோர் விவகாரத் துறைக்கும், தேவைப்பட்டால் தீர்ப்பாயத்துக்கும் போகிறேன். 6,840 டாலரில் ஒரு டாலரைக்கூட விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இன்னும் விரிவாகத் தயாரிப்புக் குறிப்புகள் எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் இல்லை. அவசரமாகச் சில மட்டும். பேரிங் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். கிரீஸ் மட்டும் என்றால், சக்கரம் திறந்திருக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், டிக் போட்ட தாள் எதற்கும் ஆகாது. பேட்டரியை வெளியே எடுத்து நாலு பக்கமும் பாருங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி மூலம் கேட்கலாம். உங்கள் சாலை உதவிச் சந்தா கேரவனையும் இழுக்குமா, எத்தனை கிலோமீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். ஓட்டத்தில் எங்கே நிறுத்தினாலும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் நகராதீர்கள். வானொலியைச் சேனல் 40இல் வைத்திருங்கள்.

மெல்பர்ன் புறநகரில் இதே மாதிரி மஞ்சள் சரிபார்ப்புத் தாள் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்ந்து போகலாம். ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்கள் போர்ட் அகஸ்டாவைத் தாண்டும் முன் அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் கேரவனின் எல்லாச் சக்கரங்களையும் திறந்து காட்டுங்கள்.