பூட்டிய அறையா, திறந்த அவையா?

புது நாடு தன் அரசியலமைப்பை எப்படி எழுத வேண்டும்? மதுரையில் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் அமெரிக்கா, இந்தியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

அமெரிக்கா வேகம். 1787 மே மாதம் மாநிலங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடி, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு பேசி, செப்டம்பர் 17-ல் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். வெளியே யாரும் மூச்சு விடவில்லை. அப்புறம்தான் ஊரைக் கேட்டார்கள்: 13 மாநிலங்களில் 9 சம்மதித்தால்தான் செல்லும். 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலமும் சம்மதித்தது; 1789 ஏப்ரலில் வாஷிங்டன் பதவியேற்றார்.

இந்தியா நேர் எதிர். அரசியலமைப்பை எழுதக் கூடிய அரசியல் நிர்ணய அவையின் வேலை 1946 டிசம்பர் 9-ல் தொடங்கி 1949 நவம்பர் 26 வரை போனது. 1948-ல் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். விவாதமெல்லாம் பகிரங்கம், பேசியதெல்லாம் இன்றும் அச்சில் கிடைக்கிறது. அவையில் இருந்தவர்களையும் பாருங்கள். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் எளிய தலித் குடும்பத்தில் பிறந்த கக்கன் அங்கே உறுப்பினர். பிலடெல்பியாவிலோ அடிமைகளுக்கு நாற்காலி கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்குமான பிரதிநிதிகளின் எண்ணிக்கையையும் நேரடி வரியையும் கணக்கிட மட்டும் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணினார்கள். எனக்கு இந்த இடத்திலேயே போட்டி முடிந்துவிட்டது.

சரி, நம் பக்கமும் ஓட்டை உண்டு. அவைக்கு உறுப்பினர்களை அனுப்பிய மாகாணச் சட்டமன்றங்களே சொத்து, படிப்பு உள்ளவர்களின் ஓட்டில் வந்தவை. எழுதி முடித்ததை யாரிடமும் ஒப்புதலுக்கு அனுப்பவுமில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது 1951–52 பொதுத்தேர்தலில்தான் கைக்கு வந்தது. அதில் கக்கன் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார்.