மூளைக்குப் போன தைராய்டு புற்றுநோய்: அயோடினுக்கு எந்த இடம்?

தைராய்டு புற்றுநோய் என்றதும், "அறுவை செய்து, அப்புறம் அயோடின் குடித்தால் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். தைராய்டு செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் கதிரியக்க அயோடினைத்தான் சொல்கிறார்கள். பாப்பிலரி, ஃபாலிக்குலர் வகைகளில் பலருக்கு அது உண்மைதான். ஆனால் இந்த வகைகள் மூளைக்குப் பரவிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. நூறில் ஒருவருக்குத்தான் ஏறக்குறைய இப்படி ஆகும். அதனால் புதிதாக வரும் தலைவலியையோ கை கால் தளர்ச்சியையோ யாரும் சட்டென்று இதோடு சேர்த்து யோசிப்பதில்லை.

முதலில் கண்டுபிடிப்பது. உடல் முழுக்க எடுக்கும் அயோடின் ஸ்கேன் சுத்தமாக வந்தால் நிம்மதி அடைய முடியாது. மூளை வரை போகும் கட்டிகளில் பல, அயோடினை உறிஞ்சும் குணத்தை இழந்துவிட்டவை. பெட் ஸ்கேன் சர்க்கரையைத் தின்னும் இடங்களைக் காட்டும். மூளையே பெரிய சர்க்கரைத் தின்னி என்பதால் சின்னக் கட்டி அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். மயங்கி விழுந்தவருக்கு ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க சிடி போதும். ஆனால் கட்டியைத் தெளிவாகக் காட்ட சிடிக்கு ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்திலேயே அயோடின் இருக்கிறது. அந்தச் சாதாரண அயோடின் உடலில் நிறைந்துவிட்டால் கதிரியக்க அயோடினைக் கட்டி சரியாக உறிஞ்சாது என்பதால் அந்தச் சிகிச்சையைச் சில வாரங்களாவது தள்ளிப்போட வேண்டும். கடோலினியம் என்ற வேறொரு கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐயில் அந்தச் சிக்கல் இல்லை, சில மில்லிமீட்டர் கட்டியும் தெரியும். என் ஓட்டு எம்ஆர்ஐக்குத்தான்.

சிகிச்சையில் உண்மையான போட்டி அறுவைக்கும் குவிகதிர் சிகிச்சைக்கும் இடையில். ஒரே கட்டி, பெரியது, மூளையை அழுத்துகிறது, கத்தி எட்டும் இடத்தில் இருக்கிறது என்றால் அறுவை. அழுத்தம் உடனே குறையும், மரபணு சோதனைக்குத் திசுவும் கிடைக்கும். கட்டி 3 சென்டிமீட்டருக்குள், ஒன்றோ சிலவோ என்றால் காமா நைஃப் போன்ற குவிகதிர். பெயரில் கத்தி இருக்கிறதே தவிர மண்டையைத் திறப்பதில்லை. கோபால்ட்-60 கதிர்கள் பல திசைகளிலிருந்து ஒரே புள்ளியில் சேர்கின்றன. ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் கட்டி மெதுவாகத்தான் அடங்கும். மாதங்கள் கழித்துக் கதிரால் இறந்த திசு எம்ஆர்ஐயில் மறுபடி வளர்ந்த கட்டி போலவே தெரிந்து குழப்புவதும் உண்டு. முழு மூளைக்கும் கதிர் கொடுப்பது நினைவாற்றலைப் பாதிக்கலாம். கட்டிகள் எண்ணி முடியாத அளவு இருந்தால்தான் நான் அந்தப் பக்கம் பார்ப்பேன்.

அயோடின்? அதைக் கட்டி உறிஞ்ச, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனின் அளவை உயர்த்த வேண்டும். அதற்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தினாலும் டிஎஸ்எச் ஊசி போட்டாலும் அந்தத் தூண்டலில் கட்டி வீங்கலாம். கழுத்தில் வீங்க இடமுண்டு, மண்டையோட்டுக்குள் இல்லை. ஆகவே மூளைக் கட்டியை முதலில் அறுவையாலோ குவிகதிராலோ கையாண்டுவிட்டு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு பாதுகாப்போடு அயோடின் கொடுப்பதே முறை. கட்டி அயோடினை எடுக்காது என்று தெரிந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

மாத்திரைகளில் லென்வாட்டினிப் அயோடினுக்கு மசியாத நோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தக்கசிவு அபாயம் உள்ள மருந்து என்பதால் மூளைக் கட்டி உள்ளவர்களுக்குக் கவனமாகத்தான் தருவார்கள். ரெட் மரபணு மாற்றம் இருந்தால் மூளைக்குள்ளும் வேலை செய்யும் செல்பெர்காட்டினிப் இருக்கிறது. மெடுல்லரி என்ற இன்னொரு வகைத் தைராய்டு புற்றுநோய்க்காரர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்தச் செல்கள் அயோடினை முதலிலிருந்தே எடுப்பதில்லை.