குப்பைத்தொட்டிப் பொத்தானுக்குத் தப்பிய செயலி: ஆப்பிள் நோட்டரி சேவை, ஒரு பயனர் மதிப்பீடு

பினாங்கு அச்சகங்களில் திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா அறிக்கையும் தயாரிப்பவர்களிடம் பல ஆண்டுக் கோப்புகள் பழைய எழுத்துருக் குறியீடுகளிலேயே தேங்கிக் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சிறிய மேக் செயலி ஒன்றை எழுதி, ஆப் ஸ்டோர் பக்கம் போகாமல் என் சொந்த இணையதளத்திலிருந்தே விற்று வருகிறேன். இவ்வாறு கடைக்கு வெளியே விற்பவர்களுக்கென்று ஆப்பிள் வைத்திருக்கும் டெவலப்பர் ஐடி சான்றிதழையும் (செயலியை வெளியிட்டவர் இன்னார் என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்துக்கானது) நோட்டரி சேவையையும் (கையொப்பமிட்ட செயலியை ஆப்பிளின் இயந்திரம் சோதித்துச் சீட்டு வழங்குவது) காசு கொடுத்துப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் கையொப்பம் எதுவும் முறையாக இல்லாமல்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட செயலியை மேக் தடுத்தாலும், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கி, ‘திற’ என்பதைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதுமானதாக இருந்தது. 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயா அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டது. லெபு பசாரில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கணினியைப் புதுப்பித்த அன்று மாலையே அழைத்தார்: “தம்பி, உங்க சாஃப்ட்வேரைத் தொறந்தா குப்பையில போடச் சொல்லுதே, வைரஸா?” அவர் சொன்னதில் மிகை இல்லை. திரையில் வரும் பெட்டியில் இருந்தவை இரண்டே பொத்தான்கள். ஒன்று செயலியைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது, மற்றொன்று பெட்டியை மூடுவது. சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போய், தனியுரிமை, பாதுகாப்புப் பக்கத்தின் அடிவரை இறங்கி, நிர்வாகியின் கடவுச்சொல்லை இட்டுத் திறக்கலாம்தான். ஆனால் அழைப்பிதழ் அவசரத்தில் இருப்பவரை அவ்வளவு தூரம் நடக்கவைக்க முடியாது.

ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் சந்தா கட்டினால்தான் டெவலப்பர் ஐடி சான்றிதழ் கிடைக்கும். இலவசக் கணக்குக்கு அது இல்லை. பணத்தைவிட எனக்கு யோசனை தந்தது பெயர்தான். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) தனிநபர் வணிகமாகப் பதிந்திருப்பவர்கள் கடைப்பெயரில் சேர இயலாது. தனிநபராகவே சேர வேண்டும், அடையாள அட்டையில் உள்ள சட்டப்பூர்வப் பெயரே சான்றிதழிலும் நிற்கும். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நாம் ‘முதற்பெயர், கடைசிப் பெயர்’ என்ற இரண்டு கட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, மைகார்டில் (மலேசிய அடையாள அட்டை) இருக்கும் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன் என்பதன் சுருக்கம்) எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் அதை அப்பா பெயரோடு சேர்த்துவிட்டேன். நிறுவனப் பெயர்தான் வேண்டும் என்பவர்கள் செண்டிரியான் பெர்ஹாட்டாக (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) பதிந்து, டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் வழங்கும் நிறுவன அடையாள எண்ணான டியூன்ஸ் எண்ணையும் பெற்றுக்கொண்டு வர வேண்டும்.

சேவையின் உண்மையான மதிப்பு முதல் தடவை நிராகரிக்கப்படும்போதுதான் தெரிகிறது. என் செயலி பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதன் வயிற்றுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு நூலகக் கோப்புகள் (செயலி எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள்) இருக்கின்றன. மேலே இருக்கும் பொதிக்கு மட்டும் கையொப்பமிட்டு, ஜிப் செய்து, நோட்டரிடூல் என்னும் ஆப்பிள் கருவி வழியாக அனுப்பினேன். சில நிமிடங்களில் ‘செல்லாது’ என்று பதில் வந்தது. சமர்ப்பிப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவேட்டைக் கேட்டபோது, குறை உள்ள ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையும், எதில் கையொப்பத்துக்கு நம்பகமான நேரமுத்திரை இல்லை, எதில் ஹார்டண்ட் ரன்டைம் (ஓடும் செயலிக்குள் வேறு நிரல் நுழையாமல் காக்கும் அமைப்பு) இயக்கப்படவில்லை என்ற காரணமும் வரிவரியாக இருந்தன. தவறு முழுக்க என்னுடையது. ‘டீப்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டளையில் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கையொப்பமிட்டுவிடலாம் என்று தோன்றும். ஆப்பிளே அதைப் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருக்கும் நூலகங்களில் தொடங்கி வெளிப்பொதிக்கு வருவதே முறை, ஏனென்றால் வெளிக் கையொப்பம் உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து முத்திரையிடுகிறது. முத்திரை விழுந்த பிறகு உள்ளே ஒரு கோப்பைத் தொட்டாலும் அது உடைந்துபோகும். இன்னொரு காரணமும் உண்டு. ஹார்டண்ட் ரன்டைம் இயங்கும்போது, ஆப்பிளைத் தவிர வேறொருவர் கையொப்பமிட்ட நூலகத்தைச் செயலி ஏற்றுக்கொள்ளாது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை நாடாமல் எல்லா நூலகங்களுக்கும் என் சான்றிதழாலேயே மறுபடி கையொப்பமிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதற்கே போயிற்று, ஆனால் அதன்பிறகு ஒரு சிறு ஸ்கிரிப்ட் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

பெரும்பாலான சமர்ப்பிப்புகள் ஐந்து நிமிடத்திலும் 98 விழுக்காடு பதினைந்து நிமிடத்திலும் முடியும் என்று ஆப்பிள் தன் ஆவணத்தில் சொல்கிறது. என் அனுபவமும் அதற்குள்தான். தேறியதும் ஒரு சீட்டு உருவாகி ஆப்பிளின் வழங்கியில் ஏறுகிறது. அதைச் செயலியோடும் ஒட்டிவிட வேண்டும். ஸ்டேப்லர் என்னும் கருவி அதற்கென்றே இருக்கிறது. ஒட்டாவிட்டால் முதல்முறை திறக்கும்போது கேட்கீப்பர் என்னும் மேக்கின் காவல் அமைப்பு இணையத்தில் போய்ச் சீட்டைத் தேடும், வைஃபை இல்லாத அச்சகப் பின்னறையில் அது நடக்காது. ஜிப் கோப்பின் மீது சீட்டு ஒட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: செயலியில் ஒட்டிவிட்டு, பிறகு புதிதாக ஜிப் செய்ய வேண்டும், அல்லது டிஎம்ஜியாகவே (மேக்கின் வட்டுப்படக் கோப்பு) அனுப்ப வேண்டும்.

குறை என்று சொன்னால், இலவசமாகக் கொடுக்கப்படும் செயலிக்கும் அதே 99 டாலர்தான் என்பதைச் சொல்வேன். லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் சில நாடுகளில் விலக்கு உண்டு, ஓய்வுநேரத்தில் தமிழுக்காக ஏதோ ஒன்று எழுதிப் போடும் தனிமனிதருக்கு இல்லை. ஒரு ஆறுதல், சந்தா முடிந்தாலும் ஏற்கெனவே கையொப்பமிட்டு வெளியிட்ட பதிப்புகள் தொடர்ந்து ஓடும். புதியதை நோட்டரிக்கு அனுப்பத்தான் முடியாது. சான்றிதழின் தனித்திறவுகோலை (கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் குறியீடு) மட்டும் இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

என் செயலியின் விண்டோஸ் பதிப்போடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். அங்கே சான்றிதழைத் தனியார் விற்பனையாளரிடம் வாங்கினேன், 2023 ஜூன் 1 முதல் திறவுகோல் பாதுகாப்பான வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். நான் வாங்கிய இடத்திலிருந்து அந்தத் திறவுகோலுக்கான யூஎஸ்பி டோக்கன் கூரியரில் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று, கடவுச்சொல் தனியாக வர இன்னும் நான்கு நாள். எல்லாம் முடிந்து கையொப்பமிட்டு வெளியிட்ட பிறகும், போதிய பேர் பதிவிறக்கி நற்பெயர் சேரும்வரை விண்டோஸின் காவல் அமைப்பான ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரித்துக்கொண்டேதான் இருந்தது.

நோட்டரி என்ற பெயரைக் கண்டு இது ஆப் ஸ்டோர் பரிசீலனை போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. தீங்கு செய்யும் நிரல் இருக்கிறதா, கையொப்பம் ஒழுங்காக இருக்கிறதா என்று இயந்திரம் பார்ப்பதோடு சரி. செயலி தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பது அதன் கவலை அன்று. சீட்டு ஒட்டிய முதல் பதிப்பை அந்த அச்சக அண்ணனுக்கு அனுப்பினேன். குப்பைத்தொட்டிப் பொத்தான் வரவில்லை. ஆப்பிள் சோதித்ததில் தீங்கான மென்பொருள் எதுவும் காணப்படவில்லை என்ற வரியோடு ‘திற’ என்னும் பொத்தான் வந்தது. மறுநாள் அழைத்தார். “ஆப்பிள்காரனே பாத்துட்டானாம், ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் தம்பி பொண்ணு பேருக்கு முன்னால ‘சௌ’ போட்டா ‘செள’ன்னு வந்து நிக்குது?” பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம்தான், மாற்றும்போது என் நிரல் ஏமாந்திருந்தது. அன்றிரவே திருத்தி, மறுபடி எல்லா நூலகங்களுக்கும் கையொப்பமிட்டு நோட்டரிக்கு அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் தேறிற்று.