நூலுக்குப் போடுற தேன்மெழுகு கட்டி – யூஸ் பண்ணிப் பார்த்துட்டு சொல்றேன்

கையால க்வில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை) தைக்கிறவங்களுக்கு நூல் சிக்கு விழுறதுதான் பெரிய தொல்லை, ரெண்டு தையல் போட்டு இழுத்தா மூணாவதுல முடிச்சு விழுந்துடும், அதைப் பிரிச்சு எடுக்குறதுக்குள்ள கண்ணே வலிக்கும். அதுக்காகத்தான் இந்த தேன்மெழுகு கட்டி வாங்கினேன், இப்போ இது இல்லாம ஊசியே எடுக்கிறதில்ல.

நூலை 45 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கட்டி மேல வெச்சு கட்டைவிரலால அமுக்கிட்டு ரெண்டு மூணு தடவை இழுங்க, லேசா கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், நூல் விறைப்பாகும். அதோட விட்டுடாதீங்க! முதல் தடவை அப்படியே தைச்சேன், வெள்ளைத் துணியில ஊசி போன இடமெல்லாம் பொடிப்பொடியா மெழுகு ஒட்டிக்கிச்சு, மனசே போச்சு. ரெண்டு பேப்பருக்கு நடுவுல நூலை வெச்சு அயர்ன் பாக்ஸால மெதுவா தேய்க்கணும், தேன்மெழுகு 62-லிருந்து 64 டிகிரியில உருகிடும்கிறதால நூலுக்குள்ள இறங்கிடும், மிச்சத்தை பேப்பர் உறிஞ்சிக்கும். அப்புறம் பாருங்க, பிரி பிரியாம ஊசிக்காதுல ஒரே தடவையில நுழையுது.

குறைன்னா கூட வந்த பிளாஸ்டிக் டப்பாதான், ஓரத்துல இருக்குற வெட்டு கூர்மையா இருந்து நூலை அறுக்குது, நான் கட்டியை வெளிய எடுத்துட்டேன். க்ளேஸ், அதாவது வழுவழுப்பான பூச்சு, போட்டே வர்ற க்வில்டிங் நூலுக்கு இது வேண்டாம். சாதா காட்டன் நூல்ல தைக்கிறவங்க கண்டிப்பா வாங்குங்க.